பி-யெஸ்2 பிளாஸ்மிட்: தாவர மரபணுவை ஈஸ்டில் ஏற்றிக் காட்மியத்தைத் தாங்க வைக்க இது போதுமா?

காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த தட்டில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும். எதனால் வளர்ந்தது என்பதுதான் சிக்கல். நாம் ஏற்றிய தாவர மரபணுவாலா, ஈஸ்டுக்குள் தற்செயலாக வந்த வேறொரு மாற்றத்தாலா, மீடியாவில், அதாவது ஈஸ்ட் வளரும் ஊட்டக் கலவையில், இருந்த ஏதோ ஒன்று காட்மியத்தைக் கட்டிப்போட்டதாலா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தரும் கருவியாகத்தான் பி-யெஸ்2 (pYES2) பிளாஸ்மிடை, அதாவது மரபணுவை ஈஸ்டுக்குள் சுமந்து செல்லும் இந்த வட்ட டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இது நல்ல பிளாஸ்மிட். ஆனால் வாங்கியவர்கள் பலர் இதைக் குறை சொல்லும்போது, உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஈஸ்ட் வகையாகவோ மீடியாவாகவோதான் இருக்கும். அதனால் இந்த மதிப்புரையில் பாதி பிளாஸ்மிடைப் பற்றி, மீதி அதைச் சுற்றியுள்ளவை பற்றி.

முதலில் கொஞ்சம் பின்னணி. தாவரங்கள் காட்மியத்தைக் கட்டிப்போடப் பயன்படுத்தும் பைட்டோகெலாட்டின் என்ற சிறு பெப்டைடுகளை 1985இல் கிரில், வின்னாக்கர், சென்க் மூவரும் அடையாளம் கண்டார்கள். அவர்கள் வைத்து வேலை செய்தது நம் ஊரில் சர்ப்பகந்தி என்று சொல்லும் செடியின் செல் வளர்ப்பு. அந்தப் பெப்டைடைச் செய்யும் நொதியான பைட்டோகெலாட்டின் சிந்தேஸின் மரபணு 1999இல்தான் கிடைத்தது. ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் வெளியிட்டன. அவற்றில் இரண்டு, கோதுமை மரபணுவையும் அராபிடாப்சிஸ் மரபணுவையும் ஈஸ்டை வைத்தே பிடித்தன: தாவர சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த, இன்ட்ரான் என்னும் இடைத்துண்டுகள் இல்லாத டிஎன்ஏ நகல்) தொகுப்பை ஈஸ்டில் ஏற்றி, காட்மியத்தில் எது பிழைக்கிறது என்று பார்த்தார்கள். ரொட்டி ஈஸ்டில் இந்தச் சிந்தேஸ் மரபணு கிடையாது. அதனால் வெற்றுப் பலகையில் எழுதுவதுபோல் தாவர மரபணுவின் விளைவு தெளிவாகத் தெரிகிறது. பிளவு ஈஸ்டில் சொந்தமாகவே இந்த மரபணு உண்டு என்பதால் அதை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது.

பிளாஸ்மிடில் என்ன இருக்கிறது

சுமார் 5.9 கிலோபேஸ் நீளம். ஈ.கோலையில் பெருக்க ஆம்பிசிலின் எதிர்ப்பு, ஈஸ்டில் தேர்ந்தெடுக்க யுரா3 (யுராசில் இல்லாத தட்டிலும் வளர வைக்கும் மரபணு), ஈஸ்டுக்குள் பல பிரதிகளாக நிற்க 2 மைக்ரான் தொடக்கம் (பிரதியெடுப்பு தொடங்கும் இடம்). மரபணுவுக்கு முன்னால் அதை இயக்கும் கேல்1 ப்ரமோட்டர், பின்னால் அதை நிறுத்தும் சிஒய்சி1 டெர்மினேட்டர். ஹிண்ட்-3 முதல் எக்ஸ்பா-1 வரை வசதியான வெட்டுமிடங்கள்; பாம்-எச்1, ஈகோ-ஆர்1, எக்ஸ்ஹோ-1 எல்லாம் இடையில் உண்டு. ஏற்றிய துண்டைச் சரிபார்க்க முன்பக்கம் டி7 ப்ரைமர், பின்பக்கம் சிஒய்சி1 ப்ரைமர் போதும்.

இதன் உயிர் கேல்1தான். குளுக்கோஸ் இருந்தால் மூடிக்கொள்ளும், கேலக்டோஸ் கொடுத்தால் திறக்கும், ராஃபினோஸில் இரண்டும் இல்லாமல் தயாராகக் காத்திருக்கும். காட்மியம் சோதனைக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஒரே காலனியை எடுத்துக் காட்மியம் கலந்த கேலக்டோஸ் தட்டிலும் குளுக்கோஸ் தட்டிலும் சொட்டு வையுங்கள். கேலக்டோஸில் வளர்ந்து குளுக்கோஸில் செத்தால், தாங்கும் திறன் நீங்கள் திறந்துவிட்ட மரபணுவிலிருந்து வந்தது. இரண்டிலும் வளர்ந்தால், உங்கள் ஈஸ்ட் வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. எப்போதும் திறந்தே இருக்கும் ப்ரமோட்டர்களில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

குளுக்கோஸிலும் கேலக்டோஸிலும் ஈஸ்ட் ஒரே வேகத்தில் வளராது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே ஒரே மைக்ரோமோலார் காட்மியம் இரண்டு தட்டிலும் ஒரே அளவு கடுமையாக இருக்காது. ஒவ்வொரு சர்க்கரைத் தட்டிலும் வெற்று பி-யெஸ்2 ஏற்றிய ஈஸ்ட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெற்று பிளாஸ்மிட் இல்லாமல், எந்தப் பிளாஸ்மிடும் ஏற்றாத ஈஸ்டுடன் ஒப்பிட்டு வரும் படங்களை நம்ப வேண்டாம். யுராசில் இல்லாத தட்டில் அது வளரவே வளராது, யுராசில் சேர்த்தால் மீடியாவே வேறாகிவிடும்.

மரபணுவை ஏற்றும்போது

புரதம் தொடங்கும் குறியான ஏடிஜியை பி-யெஸ்2 உங்களுக்குத் தராது. உங்கள் துண்டில்தான் அது இருக்க வேண்டும், நிறுத்தக் குறியும் கூடவே. தாவர சிடிஎன்ஏவின் முன்பக்க வால் நீளமாக இருந்து, அதில் இன்னொரு ஏடிஜி ஒளிந்திருந்தால் ரைபோசோம் அங்கேயே இறங்கிவிடும். ஆர்என்ஏ நிறைய இருக்கும், புரதம் இருக்காது. அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டு, ப்ரைமரில் ஏடிஜிக்கு முன் நான்கு ‘ஏ’ வைப்பது எளிய வழி. செடியின் ஜீனோம் டிஎன்ஏவிலிருந்து நேராக பிசிஆர் செய்து ஏற்றுவது இன்னொரு பிழை. தாவர இன்ட்ரானை ஈஸ்ட் சரியாக வெட்டாது, சிடிஎன்ஏ மட்டுமே.

அராபிடாப்சிஸின் பைட்டோகெலாட்டின் சிந்தேஸ் மரபணுவான பிசிஎஸ்1 485 அமினோ அமிலப் புரதத்தைத் தரும், எடை சுமார் 55 கிலோடால்டன். பிசிஆருக்கும் ஏற்றுவதற்கும் சிரமமில்லாத அளவு. எதிர்மறைக் கன்ட்ரோலுக்கு வெற்று பிளாஸ்மிட் மட்டும் போதாது என்று நினைப்பவர்கள் 56ஆம் இடத்து சிஸ்டீனை மாற்றிய வடிவத்தைச் செய்துகொள்ளலாம். நொதியின் வினைமையம் அதுதான், அது போனால் பைட்டோகெலாட்டின் வராது. புரதம் இருந்தும் தாங்கும் திறன் இல்லை என்று காட்டினால், பலன் நொதியின் வேலையால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம்.

இதே குடும்பத்தில் வால் ஒட்டிய பிளாஸ்மிடுகளும் விற்கின்றன. புரதத்தின் முடிவில் வி5 குறியும் ஆறு ஹிஸ்டிடினும் சேரும். பைட்டோகெலாட்டின் சிந்தேஸுக்கு இது பரவாயில்லை, ஏனென்றால் அந்தப் புரதம் உலோகத்தைக் கட்டும் பொருளைச் செய்கிறதே தவிர அதுவே கட்டுவது முதன்மை வேலையல்ல. உலோகத்தைத் தானே கட்டும் சிறு புரதமான மெட்டலோதயோனினுக்கு மட்டும் இதைத் தொடவே கூடாது. அராபிடாப்சிஸின் எம்டி2ஏ மொத்தமே 81 அமினோ அமிலம்தான். நிக்கல் ரெசினில் புரதத்தைப் பிடிக்க உதவும் அதே ஆறு ஹிஸ்டிடின், செல்லுக்குள்ளும் உலோகத்தைப் பிடிக்கும். அவ்வளவு சின்னப் புரதத்தில் அப்படியொரு வாலை ஒட்டிவிட்டு, உலோகத்தைப் பிடித்தது மரபணுவா வாலா என்று பிறகு எப்படிப் பிரிப்பது? மெட்டலோதயோனினுக்கு வாலில்லாத பி-யெஸ்2தான் சரி. புரதம் வருகிறதா என்பதைத் தனியாக ஒரு வால் வடிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சவ்வில் உட்காரும் டிரான்ஸ்போர்ட்டர்களை ஏற்றும்போது ஈ.கோலையே முரண்டு பிடிக்கலாம்: காலனி கிடைக்கும், உள்ளே பார்த்தால் துண்டு உடைந்திருக்கும். அப்போது ஈ.கோலையை ஒதுக்கிவிட்டு ஈஸ்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்மிடை ஹிண்ட்-3, எக்ஸ்பா-1 கொண்டு வெட்டுங்கள். பிசிஆர் துண்டின் இருமுனையிலும் வெட்டிய இடத்தோடு பொருந்தும் 40 பேஸ் வரிசை இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஈஸ்டுக்குக் கொடுத்தால் அதுவே இணைத்துவிடும். வரிசை சரிபார்ப்பு மட்டும் கட்டாயம்.

ஈஸ்டில் ஏற்றுவதற்கு கீட்ஸ், ஷீஸ்டல் இருவரின் லித்தியம் அசிடேட் முறை போதும். கிட் வாங்கத் தேவையில்லை. ஒரு மில்லியில் 50 லட்சம் செல் என்ற அளவில் தொடங்கி, 2 கோடி ஆகும் வரை வளர்க்க வேண்டும். 10 கோடி செல்லுக்கான கலவை: 50 சதவீத பிஇஜி 3350 கரைசல் 240 மைக்ரோலிட்டர், 1 மோலார் லித்தியம் அசிடேட் 36 மைக்ரோலிட்டர், மில்லிக்கு 2 மில்லிகிராம் ஒற்றையிழைக் கேரியர் டிஎன்ஏ 50 மைக்ரோலிட்டர், பிளாஸ்மிடும் நீரும் சேர்த்து 34 மைக்ரோலிட்டர். 42 டிகிரியில் 40 நிமிடம். கேரியர் டிஎன்ஏவைக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்து உடனே ஐஸில் போட வேண்டும். பிஇஜி பாட்டிலை மூடாமல் வைத்தால் நீர் ஆவியாகி அடர்த்தி கூடும், காலனி எண்ணிக்கை சரியும். முறை திடீரென்று வேலை செய்யாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான்.

எந்த ஈஸ்ட்?

பிளாஸ்மிடைவிட முக்கியமான தேர்வு இது. சாதாரண ஈஸ்டுக்குக் காட்மியத்தைச் சமாளிக்கச் சொந்த வழி உண்டு. குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடு இரண்டு சேர்ந்து ஒரு காட்மியத்தைப் பிடிக்கும். அந்தக் கூட்டை ஒய்சிஎஃப்1 என்ற பம்ப் வேக்குவோல் என்னும் செல்லின் உள்பைக்குள் தள்ளிவிடும். இந்தப் பம்ப் இருக்கும்வரை தாவர மரபணுவின் பங்கு மங்கலாகவே தெரியும். ஒய்சிஎஃப்1 நீக்கிய ஈஸ்டில் பின்னணி இறங்கிவிடும், வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

அந்த நீக்கத்தை எந்தப் பெற்றோர் வகையில் எடுப்பது என்பதில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிஒய்4741 என்ற ஆய்வக ஈஸ்ட் வகை. அதில் மெட்15 மரபணு இல்லை. மெட்15 இல்லாத ஈஸ்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். ஈயம் கலந்த தட்டில் அந்தக் காலனிகள் கரும்பழுப்பாவது இதனால்தான். சல்ஃபைடு உலோகத்தைப் பிடித்து வீழ்படிவாக்கும். எம்ஐடியில் 2020இல் வெளியான வேலையில், மெட்15இன் இன்னொரு பெயரான மெட்17 உள்ளிட்ட மரபணுக்களை நீக்கி, வெளிவரும் சல்ஃபைடைக் கொண்டே கழிவுநீரிலிருந்து உலோகங்களைப் பிரித்தார்கள். அவர்களுக்கு அது நோக்கம். உங்களுக்கோ அது இரைச்சல். தாவர மரபணுவின் பலனை அளக்க வேண்டிய இடத்தில் பெற்றோர் வகையே உலோகத்தோடு விளையாடக் கூடாது. அதே நீக்கம் பிஒய்4742 வகையிலும் கிடைக்கும். அதில் மெட்15 முழுதாக இருக்கிறது, மெத்தியோனினுக்குப் பதில் லைசின் தேவை. எங்கள் பரிந்துரை சந்தேகத்துக்கு இடமின்றி பிஒய்4742தான்.

பழைய ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஒய்சிஎஃப்1 நீக்கிய வகை டிடிஒய்167. நல்ல வகை, ஆனால் அதில் இன்வர்டேஸ் மரபணு சக்2 இல்லை. ராஃபினோஸை உடைத்து ஃப்ரக்டோஸ் எடுக்க அந்த நொதி வேண்டும். பி-யெஸ்2 கையேட்டில் சொன்னபடி இந்த வகையை ராஃபினோஸில் இரவு முழுக்கக் குலுக்கி வைத்தால், காலையில் கலங்கவே இல்லாத குடுவைதான் இருக்கும். இதற்குக் குளுக்கோஸில் வளர்த்து, நன்றாகக் கழுவி, நேராகக் கேலக்டோஸுக்கு மாற்ற வேண்டும். திறக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

எந்த வகையானாலும் நீக்கத்தை பிசிஆரில் உறுதி செய்யுங்கள். கூடவே கிளிசரால் தட்டில் வளர்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வக ஈஸ்டில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இழந்த செல்கள் எளிதில் தோன்றும். அவை கிளிசராலில் வளராது, கேலக்டோஸில் நொண்டும். அப்படியொரு காலனி தெரியாமல் கன்ட்ரோலாகப் போய்விட்டால், பக்கத்தில் உள்ள எந்த மரபணுவும் அற்புதம் செய்வதுபோல் தெரியும்.

வேறு உலோகம் என்றால் வேறு ஈஸ்ட். தாமிரத்துக்கு ஈஸ்டின் சொந்த மெட்டலோதயோனினான கப்1 நீக்கிய வகை வேண்டும். சாதாரண ஆய்வக வகையில் கப்1 பல பிரதிகளாக வரிசைகட்டி நிற்பதால் தாவர மெட்டலோதயோனின் அங்கே எடுபடாது. துத்தநாகத்துக்கு இசட்ஆர்சி1, காட்1 இரண்டையும் நீக்கியது. மாங்கனீசுக்கு பிஎம்ஆர்1.

மீடியா

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒரு லிட்டருக்கு அமினோ அமிலம் இல்லாத, அம்மோனியம் சல்ஃபேட் சேர்ந்த ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் 6.7 கிராம், யுராசில் இல்லாத கலவை, புட்டியில் சொன்ன அளவு, அகர் 20 கிராம், 20 சதவீத கேலக்டோஸ் கரைசல் 100 மில்லி, கடைசியில். கேலக்டோஸையும் ராஃபினோஸையும் ஆட்டோகிளேவ் செய்யாமல் வடிகட்டிச் சேருங்கள். குளுக்கோஸ் கலப்பு குறைந்த தரக் கேலக்டோஸாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் குளுக்கோஸ் இருந்தால் ஈஸ்ட் முதலில் அதைத்தான் தின்னும், அதுவரை கேல்1 திறக்காது. முன்வளர்ப்பு குளுக்கோஸில் இருந்தால் குறைந்தது இரண்டு முறை கழுவ வேண்டியதும் இதே காரணத்தால்தான்.

பெப்டோன் கலந்த ஒய்பிடி மீடியாவில் காட்மியம் சோதனை வேண்டாம். அதிலுள்ள பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சேர்த்தது ஓர் அளவு, ஈஸ்டுக்குக் கிடைப்பது வேறோர் அளவு. யுராசில் இல்லாத கலவையிலும் சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் இருக்கலாம். வெவ்வேறு நிறுவனக் கலவைகளில் அளவு மாறும். ஒரு புட்டியில் தொடங்கிய சோதனைத் தொடரை அதே புட்டியில் முடிப்பது நல்லது.

காட்மியம் குளோரைடு வாங்கும்போது புட்டியின் மேல் உள்ள மூலக்கூறு எடையைப் படியுங்கள். நீரற்றது 183.3, இரண்டரை நீர் சேர்ந்தது 228.35. 10 மில்லியில் 100 மில்லிமோலார் கரைசல் செய்ய முதலாவதில் 0.183 கிராம், இரண்டாவதில் 0.228 கிராம். நீர் சேர்ந்த உப்பை நீரற்ற கணக்கில் எடை போட்டால் கைக்கு வருவது 80 மில்லிமோலார்தான். தட்டில் 50 என்று எழுதியிருக்கும், உள்ளே 40 இருக்கும். ஒய்சிஎஃப்1 நீக்கிய ஈஸ்டுக்கு அந்த 10 மைக்ரோமோலார் வாழ்வா சாவா என்ற வித்தியாசமாகலாம். ஒரு ஆய்வகத்தின் முடிவு இன்னொன்றில் திரும்ப வராததற்கு இதுபோன்ற சாதாரணக் கணக்குப் பிழைகள் பெரிய காரணம்.

கரைசலை வடிகட்டி வைத்துக்கொண்டு, அகர் 55 டிகிரிக்கு ஆறிய பின் சேருங்கள். 100 மில்லி மீடியாவுக்கு 100 மில்லிமோலார் கரைசல் 50 மைக்ரோலிட்டர் என்றால் 50 மைக்ரோமோலார். சேர்த்ததும் குடுவையைச் சுழற்றிக் கலக்குங்கள். குமிழி வரும்படி குலுக்க வேண்டாம். தட்டில் ஒரு பக்கம் எல்லாம் செத்து, மறுபக்கம் எல்லாம் வளர்ந்திருந்தால் கலக்கியது போதவில்லை.

ஈயத்தை இதே மீடியாவில் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த நைட்ரஜன் பேஸில் லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் பாஸ்பேட் இருக்கிறது, அதாவது சுமார் 7 மில்லிமோலார். ஈயம் பாஸ்பேட்டாக வீழ்ந்துவிடும், சல்ஃபேட்டும் தன் பங்குக்கு இழுக்கும். ஈஸ்ட் தாங்கியது போல் தெரியும். உண்மையில் ஈயம் அதைத் தொடவே இல்லை.

தட்டைப் படிப்பது

அளவைத் தேட 0, 10, 20, 30, 50, 75, 100 மைக்ரோமோலார் என்று ஒரு வரிசைத் தட்டுகள் முதலில். வெற்று பிளாஸ்மிட் ஏற்றிய ஈஸ்ட் முதல் சொட்டில் மட்டும் லேசாக நிற்கும் அளவுதான் உங்கள் வேலைக்கு உரிய அளவு. அது மீடியாவுக்கு மீடியா மாறும் என்பதால் வேறொருவரின் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம்.

செல் கரைசலை ஓடி (OD, கலங்கல் அளவு) 1.0க்குக் கொண்டுவந்து, பத்துப் பத்து மடங்காக நான்கு முறை நீர்த்து, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வையுங்கள். தட்டின் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் சொட்டுகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். 30 டிகிரியில் கேலக்டோஸ் தட்டு 3 முதல் 5 நாள் எடுக்கும்.

நல்ல முடிவு எப்படி இருக்கும் என்றால்: காட்மியம் இல்லாத கேலக்டோஸ் தட்டில் இரண்டு வரிசையும் ஒரே மாதிரி, ஐந்து சொட்டும் வெண்ணெய் நிறத்தில் முழு வட்டமாக. காட்மியம் தட்டில் வெற்று பிளாஸ்மிட் வரிசை முதல் சொட்டில் மங்கலான படலமாக நின்றுவிடும். மரபணு ஏற்றிய வரிசை மூன்றாவது அல்லது நான்காவது சொட்டு வரை போகும், சொட்டுக்குள் செல்கள் சீராகப் பரவியிருக்கும். இந்தச் சீர்மைதான் முக்கியம். மங்கலான படலத்தின் நடுவே இரண்டு மூன்று பெரிய காலனிகள் மட்டும் பருக்கள்போலத் துருத்திக்கொண்டிருந்தால், அது பிளாஸ்மிடின் வேலை அல்ல. தானாக மாறிய செல்கள் மேலே வந்திருக்கின்றன. ஐந்து நாளுக்கு மேல் தட்டை வைத்திருந்தால் இவை பெருகும்.

சந்தேகம் வந்தால் தீர்க்க வழியும் பி-யெஸ்2விலேயே இருக்கிறது. யுரா3 உள்ள செல்லை 5-ஃபோவா என்ற வேதிப்பொருள் கொல்லும். தாங்கிய காலனியை எடுத்து, லிட்டருக்கு 1 கிராம் 5-ஃபோவாவும் யுராசிலும் சேர்த்த தட்டில் கீறுங்கள்; பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள் மட்டும் வரும். அவற்றை யுராசில் சேர்த்த காட்மியம் தட்டில், பிளாஸ்மிடே ஏற்றாத பெற்றோர் ஈஸ்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெற்றோரைப் போலவே செத்தால் தாங்கும் திறன் பிளாஸ்மிடோடு போய்விட்டது என்று பொருள். பெற்றோரை மிஞ்சி வளர்ந்தால், உங்கள் மரபணுவுக்கு அந்தப் பெருமை சேராது. ஒரு வார வேலை. கட்டுரை எழுதிய பிறகு யாரோ கேட்டுத் தலைகுனிவதைவிட இது மேல்.

காட்மியம் இல்லாத தட்டிலேயே மரபணு வரிசை பின்தங்கியிருந்தால் அது பி-யெஸ்2வின் உண்மையான குறை. 2 மைக்ரான் பிரதிகளும் கேல்1 வலிமையும் சேர்ந்து புரதத்தை அளவுக்கு மீறிக் கொட்டும். சவ்வுப் புரதங்களில் இது அடிக்கடி நேரும். கேலக்டோஸை 2 சதவீதத்திலிருந்து குறைத்து, குறையை ராஃபினோஸால் நிரப்பிப் பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் பி416 வரிசையில் உள்ள ஒற்றைப் பிரதி பிளாஸ்மிடுக்கு மாறுங்கள்.

தாங்குவது வேறு, சேர்ப்பது வேறு

தட்டு சொல்வது ஈஸ்ட் பிழைத்தது என்பதை மட்டுமே. பைட்டோகெலாட்டின் சிந்தேஸ் ஏற்றிய ஈஸ்ட் காட்மியத்தைக் கட்டி உள்ளேயே வைத்துக்கொள்கிறது; கோதுமை மரபணு ஏற்றிய ஈஸ்டில் தாங்கும் திறனோடு உள்ளே சேர்ந்த காட்மியமும் கூடியது. அராபிடாப்சிஸின் பிசிஆர்1 (பிசிஆர் முறையோடு தொடர்பில்லை) போன்ற சவ்வுப் புரதம் ஏற்றிய ஈஸ்டும் அதே தட்டில் அதே அழகோடு வளரும், ஆனால் அதன் உள்ளே காட்மியம் குறைந்திருக்கும். உலோகத்தை நீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது வகை எதிர்த்திசையில் போவது. சொட்டுப் படத்தில் இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

ஆகவே உள்ளே உள்ள உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் அல்லது அணு உறிஞ்சல் அளவீடு இல்லாமல் ‘சேகரிக்கும் ஈஸ்ட்’ என்று எழுதக் கூடாது. திரவ மீடியாவில் ஈஸ்டைக் கொல்லாத அளவு காட்மியத்தோடு வளர்த்து, செல்களைக் குளிர்ந்த 10 மில்லிமோலார் இடிடிஏவில் மூன்று முறை கழுவுங்கள்; செல்சுவரின் வெளியே ஒட்டியிருப்பது இதில் போகும். பிறகு நீரில் ஒரு முறை கழுவி, உலர்த்தி எடை போட்டு, நைட்ரிக் அமிலத்தில் செரிக்கவைத்து அளக்க வேண்டும். இடிடிஏ கழுவல் இல்லாத எண்கள் செல்சுவரையும் சேர்த்தே சொல்கின்றன.

இன்னொரு எல்லையும் உண்டு. சிந்தேஸ் நொதி பைட்டோகெலாட்டினை ஒன்றுமில்லாததிலிருந்து செய்யாது. ஒரு குளூட்டாதயோனின் காமா-குளூட்டமைல்-சிஸ்டீன் பகுதியை இன்னொன்றில் ஒட்டி, கிளைசினை வெளியே விடுகிறது. செல்லின் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்தால் மரபணு எவ்வளவு பலமாக ஓடினாலும் பயனில்லை. காட்மியத்தை ஏற்ற ஏற்றத் தாங்கும் திறன் ஓரிடத்தில் நின்றுவிட்டால், ப்ரமோட்டரை மாற்றுவதற்கு முன் குளூட்டாதயோன் செய்ய உதவும் ஈஸ்டின் ஜிஎஸ்எச்1 மரபணுவையும் கூட ஏற்றிப் பாருங்கள். அதற்கு யுரா3 அல்லாத வேறு குறியுள்ள பிளாஸ்மிட் தேவை. பி-யெஸ்3 டிரிப்1 குறியோடு வருகிறது, ஆனால் பிஒய்4742இல் டிரிப்1 பழுதில்லாமல் இருப்பதால் அது உதவாது. லியூ2 அல்லது ஹிஸ்3 குறியுள்ளதாகத் தேடுங்கள்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

ஒன்றிரண்டு தாவர மரபணுக்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது காட்மியத்தைத் தாங்க உதவுகிறதா’ என்று தெரிந்துகொள்ள விரும்பும் முதுநிலை மாணவருக்கும் ஆய்வாளருக்கும் பி-யெஸ்2 முதல் தேர்வு. ஒருமுறை வாங்கி ஈ.கோலையில் ஏற்றி, கிளிசராலில் கலந்து மைனஸ் 80இல் வைத்தால் ஆய்வு முடியும்வரை கைவசம் இருக்கும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் என்றால், வெட்டி ஒட்டாமலே மரபணுவை மாற்றும் கேட்வே வசதியுள்ள பி-யெஸ்-டெஸ்ட்52 நேரத்தை மிச்சப்படுத்தும். கேலக்டோஸ் விலையும் மெதுவான வளர்ச்சியும் பொருந்தாதவர்கள் பி426 ஜிபிடி போன்ற எப்போதும் திறந்த பிளாஸ்மிடுக்குப் போகலாம். குளுக்கோஸ் தட்டு தரும் அந்த ஒப்பீட்டை இழப்பது அதற்கான விலை.

கழிவுநீரில் விடும் ஈஸ்ட் செய்ய நினைப்பவர்கள் பி-யெஸ்2வோடு நிற்கக் கூடாது. கழிவுநீரில் யுராசில் இல்லாத தேர்வும் இருக்காது, கேலக்டோஸும் இருக்காது. பிளாஸ்மிட் சில தலைமுறைகளில் கழன்றுவிடும், இருந்தாலும் திறக்காது. பி-யெஸ்2வில் நிரூபித்த மரபணுவை, எப்போதும் திறந்த ப்ரமோட்டரோடு ஈஸ்டின் ஜீனோமிலேயே பதிக்க வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் கழிவை மனதில் வைத்து இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: அங்கே பிரச்சினை குரோமியம். குரோமேட் ஈஸ்டுக்குள் சல்ஃபேட் வாசல் வழியாக நுழையும் எதிர்மின் அயனி. காட்மியத்துக்காகச் செய்த பைட்டோகெலாட்டின் ஈஸ்டை அப்படியே அங்கே எடுத்துப்போக முடியாது. இந்தியாவில் மறுசேர்க்கை டிஎன்ஏ வேலையைத் தொடங்கும் முன் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவை அணுக வேண்டும்.

காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் (ஐஏஆர்சி) முதல் பிரிவில் வைக்கப்பட்டது. தூளை ஃபியூம் ஹூடுக்குள் கையுறையோடு எடை போடுங்கள். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்து மற்றக் குப்பையோடு சேர்ப்பது தவறு: ஈஸ்ட் செத்துவிடும், காட்மியம் அப்படியே இருக்கும். தட்டு, கழுவிய நீர், பிப்பெட் முனை எல்லாவற்றையும் ‘காட்மியம்’ என்று எழுதிய தனி மூடிப் பெட்டியில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். சிங்கில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்.